பரவிய சிறுநீரகப் புற்றுநோய் தானாகச் சுருங்குவது உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகத்தில் தோன்றி நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று வேறு உறுப்புகளுக்குச் சென்றுவிட்ட புற்றுநோய், மருந்து எதுவும் தொடங்கப்படாத நிலையிலேயே சுருங்கியதாகவும், சிலரிடம் தடமின்றி மறைந்ததாகவும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. நான்காம் நிலை நோய் என்று கேட்டு நிலைகுலைந்திருக்கும் ஒரு குடும்பம் இச்செய்தியைப் படிக்கும்போது அதன் மனத்தில் எழும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அந்த நம்பிக்கையைப் பறிப்பது இப்பக்கத்தின் நோக்கமன்று. அதை எந்த இடத்தில் வைத்தால் நோயாளிக்குப் பயன்படும் என்பதைச் சொல்வதே நோக்கம். ஒருவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவரைப் பரிசோதித்த புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய இயலும்.

தானாகச் சுருங்குதல் என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர்களான டில்டன் எவர்சன், வாரன் கோல் ஆகிய இருவரும் வகுத்த வரையறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எவ்விதச் சிகிச்சையும் இல்லாதபோதோ, கொடுத்த சிகிச்சை அந்தக் கட்டியை அசைக்கப் போதாது என்று கருதத்தக்கபோதோ, ஒரு புற்றுக்கட்டி ஓரளவுக்கோ முழுவதுமாகவோ மறைவதையே அவர்கள் அப்படிக் குறித்தார்கள்.

இவ்வரையறையில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கட்டி முழுவதும் மறைந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை; பகுதியளவு சுருங்கினாலும் கணக்கில் சேரும். இரண்டாவது, நோயுற்ற சிறுநீரகத்தை அறுவை செய்து எடுத்த பிறகு நுரையீரலில் இருந்த கட்டிகள் மறைந்தால் அதுவும் இதில் அடங்கும். ஏனென்றால், கத்தி நுரையீரலைத் தொடவே இல்லை. சிறுநீரகப் புற்றுநோயில் பதிவான நிகழ்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். சில மொழிபெயர்ப்புகளில் இது ‘தன்னிச்சையான பின்னடைவு’ என்று வருகிறது. தமிழில் பின்னடைவு என்றால் நோயாளியின் நிலை மோசமாகிவிட்டது என்றே எவரும் புரிந்துகொள்வார்கள். ‘தானாகக் குணமாதல்’ என்பதும் பொருந்தாது. சுருங்கிய நோய் திரும்பி வந்த நிகழ்வுகள் இருக்கின்றன. ஆகவே இங்கே ‘தானாகச் சுருங்குதல்’ என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

இது மெய்யாகவே நடந்திருக்கிறதா, அல்லது காதுவழிச் செய்தியா?

நடந்திருக்கிறது. 1928ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹெர்மன் பம்பஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், சிறுநீரகத்தை அகற்றிய பின் ஒரு நோயாளியின் நுரையீரல் கட்டிகள் எக்ஸ்ரே படத்தில் காணாமல் போனதை வெளியிட்டார். அவர் தம் கட்டுரைத் தலைப்பில் ‘மறைந்தது’ என்று எழுதாமல் ‘மறைந்ததாகத் தோன்றியது’ என்ற பொருளில் எழுதினார். அந்த எச்சரிக்கை உணர்வு பின்னால் வந்தவர்கள் பலரிடம் இல்லை. எவர்சனும் கோலும் 1900 முதல் 1960 வரை உலக இதழ்களில் வெளியான நிகழ்வுகளையெல்லாம் சலித்து, ஏற்கத்தக்கவை என்று 176ஐ 1966இல் நூலாக வெளியிட்டபோது, அவற்றில் மிகுதியான எண்ணிக்கை, அதாவது 31, சிறுநீரகப் புற்றுநோயாகவே இருந்தது. அறுபது ஆண்டுகளில், எல்லா வகைப் புற்றுநோயும் சேர்ந்து, 176 என்பது எவ்வளவு அரிதான நிகழ்வு என்பதையும் அந்த எண்ணே காட்டிவிடுகிறது.

பழைய பதிவுகளில் ஒரு குறை உண்டு. பலவற்றில் நுரையீரலில் தெரிந்த நிழலிலிருந்து திசு எடுத்து அது புற்றுதான் என்று உறுதி செய்யவில்லை. காசநோய்த் தழும்பு, பூஞ்சைத் தொற்று, அறுவைக்குப் பின் நுரையீரலின் ஒரு சிறு பகுதி காற்றின்றிச் சுருங்கிப் பின் விரிவது, நுண்ணிய இரத்த உறைவு ஆகிய யாவும் எக்ஸ்ரேயில் கட்டியைப் போலவே தோன்றி, சில வாரங்களில் மறையக்கூடியவை. ஆகையால் பழைய நிகழ்வுகளில் ஒரு பங்கு புற்றுநோயே அல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் திசுப் பரிசோதனையால் உறுதி செய்யப்பட்டு, சி.டி. ஸ்கேனில் அளந்து பதிவான நிகழ்வுகளும் வந்துள்ளன; அவற்றை மறுக்க இயலாது.

எத்தனை பேரில் ஒருவருக்கு இது நிகழ்கிறது?

மருத்துவமனைப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்றே காட்டின. நோயாளிகளை முன்கூட்டியே சேர்த்து, குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்து அளந்த ஆய்வுகளில் எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக வந்தது. இலண்டனில் டிம் ஆலிவர் என்ற மருத்துவர், பரவிய நோயுள்ள 73 பேரை உடனே மருந்து தொடங்காமல் கண்காணித்து, 1989இல் வெளியிட்ட முடிவுகளில் மூவருக்குக் கட்டிகள் முழுவதுமாகவும் இருவருக்குப் பகுதியளவும் மறைந்ததாகக் காட்டினார்.

இத்துறையில் மிக நம்பகமான சான்று கனடாவிலிருந்து வந்தது. இன்டர்பெரான் காமா என்ற மருந்து பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பயன்படுமா என்று அறிய, மார்ட்டின் கிளீவ் தலைமையிலான குழு 197 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத ஊசியும் வாரம் ஒருமுறை செலுத்தியது. யாருக்கு எது செலுத்தப்படுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1998இல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கும் கட்டிகள் சுருங்கியிருந்தன, அந்த 6.6இல் பாதிப் பேருக்கு முழுவதுமாக மறைந்திருந்தன. மருந்து பயனற்றது என்று காட்டிய அதே ஆய்வு, மருந்தே இல்லாமல் இந்நோய் சிலரிடம் சுருங்குகிறது என்பதற்கு உறுதியான சாட்சியாகவும் அமைந்துவிட்டது. குலுக்கல் முறையும் மருந்தில்லாத ஊசியும் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருந்தால், சுருங்கிய ஒவ்வொரு கட்டியும் இன்டர்பெரான் காமாவின் வெற்றியாக எழுதப்பட்டிருக்கும். ‘எங்கள் மருந்தால் நான்காம் நிலை நோயாளி ஒருவர் பிழைத்தார்’ என்று யார் சொன்னாலும், அந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் நூற்றில் ஆறேழு பேர் சிகிச்சை இல்லாமலே தப்பிவிடுவார்கள் என்று கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. அதே ஆய்வில், இரண்டு பிரிவிலும் நோய் மேலும் வளரத் தொடங்கிய கால அளவின் நடுவெண் 1.9 மாதம். அதாவது, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குள் பாதிப் பேருக்கு நோய் முன்னேறிவிட்டது. சுருங்கியவர்களைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இந்த எண் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மேலும், மருந்தில்லாத பிரிவில் மதிப்பிடத்தக்கவர்களாக இருந்தவர்கள் சுமார் 90 பேர் மட்டுமே. அவ்வளவு சிறிய கூட்டத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு ஒன்றுக்கு மேல் நகரும். மருந்தாய்வில் சேரும் அளவுக்கு உடல்நலம் வாய்த்தவர்களே அதில் இடம்பெற்றார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. எழுந்து நடக்க முடியாதவர்களையும், எலும்பு முறிவோடும் மூளைக் கட்டியோடும் வருபவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த எண் இதைவிடத் தாழ்ந்தே இருக்கும்.

எந்த உறுப்பில் உள்ள கட்டிகள் அதிகம் சுருங்குகின்றன?

பதிவானவற்றில் மிகப் பெரும்பாலானவை நுரையீரல் கட்டிகள். எலும்பு, கல்லீரல், மூளை ஆகியவற்றில் சுருங்கியதாக வந்த பதிவுகள் மிகச் சில. ஆண்களிடம் கூடுதலாகப் பதிவாகியுள்ளது. ஆயினும் சிறுநீரகப் புற்றுநோயே பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது என்பதால் அதில் பெரிய பொருள் தேட வேண்டியதில்லை.

ஏன் குறிப்பாகச் சிறுநீரகப் புற்றுநோயில்?

முழுமையான விடை இன்னும் எட்டவில்லை. ஆனால் விடையின் சில துண்டுகள் கிடைத்துள்ளன, அவை ஒன்றோடொன்று பொருந்தவும் செய்கின்றன.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் நான்கில் மூன்று பங்கு ‘கிளியர் செல்’ என்ற வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் மூன்றாம் குரோமோசோமில் உள்ள வி.எச்.எல். என்ற மரபணு பெரும்பாலும் பழுதடைந்திருக்கும். 1993இல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு, உயிரணுவுக்கு ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கும்போது, ஆக்சிஜன் பற்றாக்குறைக்கான எச்சரிக்கைப் புரதத்தை அவ்வப்போது அழிக்க உதவுகிறது. மரபணு பழுதானால், ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். கட்டி புதிய இரத்தக்குழாய்களை ஓயாமல் வரவழைத்துக்கொள்ளும். இக்கட்டிகள் இரத்தம் செறிந்து இருப்பதற்கும், இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகள் இந்நோயில் வேலை செய்வதற்கும் காரணம் இதுவே. உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுருங்குதலோடு நேரடியாகத் தொடர்புடையது நோயெதிர்ப்பு. சிறுநீரகக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு அணுக்கள் மிகுதியாகக் குழுமியிருப்பது பல நேரங்களில் தெரியும். புகைப்பழக்கத்தால் வரும் நுரையீரல் புற்றிலும் வெயிலால் வரும் மெலனோமாவிலும் இருக்கும் அளவுக்கு மரபணு மாற்றங்கள் இதில் இல்லை. ஆயினும், மரபணு எழுத்துகள் இடையில் செருகப்படுவதும் விடுபடுவதுமான வகை மாற்றங்களின் பங்கு சிறுநீரகப் புற்றில் மற்ற புற்றுநோய்களைவிட உயர்ந்திருப்பதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு சொற்றொடரின் நடுவே ஓர் எழுத்து விடுபட்டு, அதன்பின் வரும் எல்லாச் சொற்களும் தவறாகப் பிரிந்துபோவதைப் போன்றது இது. அதனால் உருவாகும் புரதம் உடலுக்கு முற்றிலும் அயலானதாகத் தெரியும்.

இன்னொரு துண்டு வியப்பூட்டுவது. மனித மரபணுத் தொகுதியில், நம் மூதாதையரைப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொற்றிய வைரஸ்களின் எச்சங்கள் உறங்கிக் கிடக்கின்றன. கிளியர் செல் கட்டிகளில் அவற்றுள் ஒன்று விழித்துக்கொண்டு புரதத் துணுக்குகளை உண்டாக்குவதையும், அத்துணுக்கை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்களையும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் சைல்ட்ஸ் குழுவினர் 2008இல் வெளிக்காட்டினார்கள். அந்த டி செல்கள், வேறொருவரின் இரத்த மூல அணுக்களைப் பெற்றபின் கட்டிகள் சுருங்கிய ஒரு நோயாளியின் உடலிலிருந்து கிடைத்தவை.

இவ்வளவு இருந்தும் எல்லா நோயாளிகளிடமும் கட்டி ஏன் சுருங்குவதில்லை? வந்து சேர்ந்த டி செல்களின் மீது கட்டி தடைக்கட்டையைப் போட்டு வைத்திருக்கிறது. அத்தடை ஏதோ ஒரு காரணத்தால் சிலரிடம் மட்டும் விலகுகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் நுரையீரல் கட்டிகள் மறையுமா? அதற்காகவே அறுவை செய்துகொள்ளலாமா?

அந்த எதிர்பார்ப்பு ஒன்றுக்காக மட்டும் செய்துகொள்ளக்கூடாது. பெரிய மூலக்கட்டி, நோயெதிர்ப்பை அடக்கும் பொருள்களையும் இரத்தக்குழாய்களை வளர்க்கும் பொருள்களையும் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. அதை அகற்றும்போது உடலின் எதிர்ப்பு நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கிறது என்று கருதப்படுகிறது. விளக்கம் ஏற்கத்தக்கதாக இருக்கலாம். ஆனால் நூற்றில் ஒருவருக்குக்கூட உறுதியில்லாத ஒரு பயனுக்காக, அதைவிடக் கூடுதலான உயிராபத்து இருந்த ஓர் அறுவையைச் செய்வது முறையன்று என்று சிறுநீரியல் மருத்துவர்கள் 1970களிலேயே வாதிட்டார்கள்.

சிறுநீரக அகற்றலுக்கு வேறு நியாயங்கள் உண்டு. அவையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இன்டர்பெரான் ஆல்பா மட்டும் பெற்றவர்களின் வாழ்நாள் நடுவெண் 8.1 மாதமாகவும், முதலில் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அதே மருந்தைப் பெற்றவர்களுக்கு 11.1 மாதமாகவும் இருந்தது. அதனால் அறுவை வழக்கமாயிற்று. பிறகு சுனிடினிப் என்ற மாத்திரை வந்தது. 450 நோயாளிகளைச் சேர்த்துப் பிரான்சு தலைமையில் நடந்த ‘கார்மினா’ ஆய்வு 2018இல் வெளியானபோது, சுனிடினிப் மட்டும் பெற்றவர்கள் அறுவையும் சேர்த்துப் பெற்றவர்களைவிடக் குறைவாக வாழவில்லை என்று தெரிந்தது. இன்று, பரவல் குறைவாக இருப்பவர்கள், சிறுநீரில் ஓயாமல் இரத்தம் போகிறவர்கள், கட்டியால் கடும் வலி உள்ளவர்கள் என்று ஆளைப் பார்த்தே அறுவை முடிவாகிறது. ‘சிறுநீரகத்தை எடுக்க வேண்டாம்’ என்று உங்கள் மருத்துவர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று பொருளாகாது.

இந்த அரிய நிகழ்வால் மற்ற நோயாளிகளுக்கு ஏதேனும் நன்மை உண்டா?

இப்பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள்.

1968இல், பாஸ்டன் நகரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் பயிற்சியில் இருந்த ஸ்டீவன் ரோசன்பெர்க் என்ற இளம் அறுவை மருத்துவரிடம், பித்தப்பைக் கோளாறோடு ஒருவர் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரைப்பைப் புற்று இருந்ததும், அது கல்லீரலுக்குப் பரவியிருந்ததால் முழுவதும் அகற்ற முடியாமல் வயிற்றை மூடி வீட்டுக்கு அனுப்பியதும் பழைய பதிவேட்டில் இருந்தன. பித்தப்பையை எடுக்க வயிற்றைத் திறந்த ரோசன்பெர்க், கல்லீரலைத் தடவித் தேடிப் பார்த்தும் கட்டி எதையும் காணவில்லை. அந்த மனிதரின் இரத்தத்தைப் பெற்று வேறொரு இரைப்பைப் புற்று நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார்; பயனில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றை விரட்ட முடியுமா என்ற தேடலிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அத்தேடலில் பிறந்த சிகிச்சைகளில் ஒன்று, டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2. அதை மிகுந்த அளவில் செலுத்தும் முறை, பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்காக 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒப்புதலுக்கு அடிப்படையாக அமைந்த 255 நோயாளிகளில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே கட்டி சுருங்கியது. பக்க விளைவுகளோ தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோகக் கூடியவை. ஆயினும் முழுவதும் மறைந்த அந்தச் சிலரில் பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. சைல்ட்ஸ் குழுவினர் 2000இல், உடன்பிறந்தவரின் இரத்த மூல அணுக்களைப் பெற்ற 19 பேரில் 10 பேருக்குக் கட்டிகள் சுருங்கியதையும், அவர்களில் மூவருக்கு முழுவதும் மறைந்ததையும் வெளியிட்டார்கள்.

பின்னர் வந்தவை, டி செல்களின் மீதுள்ள தடைக்கட்டையை அகற்றும் மருந்துகள். இந்தத் தடைகளை அகற்றிப் புற்றைத் தாக்கலாம் என்று கண்டமைக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். அவற்றில் ஒன்றான நிவோலுமாப் 2015இல் சிறுநீரகப் புற்றுக்கு அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதனோடு அதே வகையைச் சேர்ந்த இபிலிமுமாப் சேர்த்துத் தரப்பட்டபோது, நோயின் போக்கு நடுத்தரமாகவோ மோசமாகவோ இருக்கும் என்று கணிக்கப்பட்ட நோயாளிகளில் 42 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. 9 விழுக்காட்டினருக்கு முழுவதும் மறைந்தது. ஒப்பீட்டுக்குச் சுனிடினிப் பெற்றவர்களில் முழுவதும் மறைந்தது 1 விழுக்காட்டினருக்கே. தற்செயலாகச் சிலருக்கு மட்டும் வாய்த்ததை, மருந்தின் துணையோடு பலருக்கு வரவழைக்க முடிகிறது என்பதுதான் இதன் பொருள். ‘எங்களுக்கும் அந்த அதிசயம் நடக்குமா’ என்று கேட்கும் குடும்பத்துக்கு நான் சொல்ல விரும்புவது, அதைக் காத்திருந்து பெறுவதைவிட இம்யூனோதெரபி எனப்படும் இந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை அறையில் தேடுவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதுதான். செலவு பெரிய தடையென்பதை அறிவேன்; அரசுக் காப்பீடு, மருந்தாய்வுகள், மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டங்கள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

மருந்து தொடங்காமல் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

சிலருக்குப் பொறுக்கலாம்; அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும். தொல்லை எதுவும் இல்லாமல், சிறிய கட்டிகள் மெதுவாக வளர்பவர்களிடம் இந்நோய் நீண்ட காலம் அடங்கியிருப்பது உண்டு. பிரையன் ரினி தலைமையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அப்படித் தேர்ந்தெடுத்த நோயாளிகளை முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தபோது, மருந்து தொடங்க நேர்ந்த கால அளவின் நடுவெண் 14.9 மாதமாக இருந்தது. பக்க விளைவில்லாத அவ்வளவு மாதங்கள் கிடைப்பது சிறிய செய்தியன்று.

ஆனால் அவர்கள் கட்டி தானாகச் சுருங்கும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். மருந்தின் தேவை வரும் வரை காத்திருந்தவர்கள். எடை குறைதல், இரத்தசோகை, இரத்தத்தில் கால்சியம் உயர்தல், எலும்பு வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இம்முறை பொருந்தாது.

கடும் காய்ச்சல் வந்து போனபின் கட்டி சுருங்கும் என்கிறார்களே?

பழைய பதிவுகள் சிலவற்றில் சுருங்குதலுக்கு முன் கடும் தொற்றும் காய்ச்சலும் இருந்தது உண்மை. 1890களில் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, எரிசிபெலஸ் என்ற பாக்டீரியாத் தோல் தொற்றுக்குப் பின் ஒருவருக்குச் சதைப்புற்று மறைந்ததை அறிந்து, கிருமிகளையும் பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையையும் நோயாளிகளுக்குச் செலுத்தினார். சிலருக்குப் பயனளித்தது, விளைவை முன்கூட்டியே கணிக்க முடியவில்லை. இன்று எவரும் வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைக்கக் கூடாது; சிகிச்சையில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் அது அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசரம்.

மூலிகையோ நாட்டு மருந்தோ உணவு மாற்றமோ இதைத் தூண்டுமா?

அப்படிக் காட்டிய நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் இல்லை. சிறுநீரகம் ஒன்றே மிஞ்சியிருப்பவருக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி ஆகியவை அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சிதைப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்காக அவ்வினச் செடி கலந்த மாத்திரைகளை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து போனார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஏற்கெனவே ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று அஞ்சி மறைப்பதே பெரும்பாலும் நடக்கிறது. பொட்டலத்தையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மன உறுதியும் பிரார்த்தனையும் உள்ளவர்களுக்கே இது நடக்கிறதா?

பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபோர்லி நகரில் வாழ்ந்த பெரெகிரின் என்ற துறவிக்குக் காலில் புற்றுப்புண் இருந்ததாகவும், காலை வெட்டி எடுக்கக் குறித்த நாளுக்கு முந்தைய இரவு முழுவதும் அவர் வேண்டிக்கொள்ள, காலையில் புண் ஆறியிருந்ததாகவும் கத்தோலிக்க மரபு கூறுகிறது. புற்றுநோயாளிகளின் பாதுகாவலராக அவர் இன்றும் வணங்கப்படுகிறார். வேண்டுதல் நோயாளிக்குத் தரும் ஆறுதல் பெரிது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆயினும், மருந்தில்லாத ஊசி பெற்ற அந்தக் கனடா நோயாளிகளில் கட்டி சுருங்கியவர்கள் மற்றவர்களைவிட உறுதியானவர்கள் என்றோ பக்தி மிக்கவர்கள் என்றோ யாரும் காட்டவில்லை. ‘மனத்தைத் திடமாக வைத்திருந்தால் சரியாகிவிடும்’ என்று உறவினர்கள் அன்போடு சொல்வது, நோய் முற்றும்போது ‘என் மனம் பலவீனமானதால்தான் இப்படி ஆயிற்று’ என்ற குற்ற உணர்வாக நோயாளியின் நெஞ்சில் தைக்கும். தயவுசெய்து அந்தச் சுமையை அவர்மீது ஏற்றாதீர்கள்.

மருந்து தொடங்கும் முன்பே எடுத்த ஸ்கேனில் கட்டி சிறியதாகிவிட்டது என்கிறார்கள். என்ன செய்வது?

மகிழுங்கள், அதன்பின் சரிபாருங்கள். பழைய ஸ்கேனையும் புதியதையும் அறிக்கையாக மட்டும் பார்க்காமல், படங்களாகவே ஒரே கதிரியக்க மருத்துவரிடம் கொடுத்து அருகருகே வைத்து அளக்கச் சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஒரு முறை செலுத்தியும் மறுமுறை செலுத்தாமலும் எடுத்த படங்களில், மாறாத கட்டியும் மாறியதாகத் தோன்றும். சில மில்லிமீட்டர் வேறுபாடு அளப்பவரின் கை வேறுபாடாகவே இருக்கலாம்.

அடுத்து, அந்த நுரையீரல் நிழல் புற்றுதானா என்ற கேள்விக்குத் திரும்ப வேண்டும். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாட்டில் இக்கேள்விக்குத் தனி எடை உண்டு. திசு எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கட்டும். இடைப்பட்ட காலத்தில் வந்த காய்ச்சல், எடுத்த ஸ்டீராய்டு உள்ளிட்ட மருந்துகள், வேறெங்கேனும் கொடுத்த கதிர்வீச்சு ஆகிய அனைத்தையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். கதிர்வீச்சு ஏன் என்றால், ஓரிடத்தில் கொடுத்த கதிர்வீச்சால் தொலைவில் உள்ள கட்டியும் சுருங்குவது இந்நோயில் அரிதாக நடக்கிறது. சுவீடனில் துல்லியக் கதிர்வீச்சு பெற்ற 28 பேரில் நால்வரிடம் அதைக் கண்டதாக 2006இல் எழுதியிருக்கிறார்கள்.

சுருங்குவது உறுதியானால், தொடங்கவிருந்த மருந்தைத் தள்ளிப்போட்டு நெருங்கிய இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க மருத்துவர் முன்வரலாம். அந்த முடிவை அவரோடு சேர்ந்து எடுங்கள். நீங்களாகவே வருகையை நிறுத்திவிடாதீர்கள்.

மறைந்த நோய் திரும்பி வருமா?

வரலாம். சிலருக்குப் பல ஆண்டுகள் அமைதியாக இருந்திருக்கிறது. சிலருக்கு மாதங்களிலேயே திரும்பியிருக்கிறது. நுரையீரலில் மறைந்துகொண்டிருக்கும்போதே மூளையிலோ எலும்பிலோ புதிதாகத் தோன்றியதும் உண்டு. சிறுநீரகப் புற்றுநோய் அறுவைக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும், இருபது ஆண்டுகள் கழித்தும்கூடத் தலைகாட்டக் கூடிய நோய் என்பதால், ஐந்து ஆண்டு கடந்துவிட்டது என்று கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது. ஸ்கேன்களின் இடைவெளி காலப்போக்கில் நீளலாம். பழைய படங்கள் அடங்கிய குறுந்தகடுகளையும் திசு அறிக்கைகளையும் ஒரே கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். எத்தனை ஆண்டு கழித்து, எந்த ஊரில், எந்த மருத்துவர் கேட்டாலும் அவை தேவைப்படும்.